இரு தாயகமும் ஒரு நெருப்பும்: ஆன் ரணசிங்கவின் கவிதைகள் பற்றி ஒரு நோக்கு

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களையும் அவற்றிலிருந்து பிறந்த இலக்கியத்தையும் பற்றி ஆராயப் புகும் ஒருவர், ஐரோப்பிய யூதப் பெண்மணி ஒருவரின் ஆங்கிலக் கவிதைகளிடம் சென்று சேர்வது முதற்பார்வையிற் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். பசறையின் கோணக்கலைக்கும் ஜேர்மனியின் எஸ்ஸன் நகருக்கும் என்ன உறவு? ஆயினும் மலையக வரலாற்றில் யூதரின் தடம் அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. 1840களில் புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தை அமைத்து, சீனத்துத் தேயிலைக் கன்றுகளை அங்கு நட்டுப் பார்த்த டி வோர்ம்ஸ் சகோதரர் அப்பெயர் பெற்ற யூத வங்கிக் குடும்பத்தின் உறவினரே. அவர்கள் முதலாளிகள், அவர்கள் கதை வேறு. இக்கட்டுரைக்கு நெருக்கமான தடம் ஊவாவிலேயே உண்டு. இரண்டாம் உலகப் போர் மூண்டபோது, முன்னர் போயர் யுத்தக் கைதிகள் அடைபட்டிருந்த தியத்தலாவையில், இலங்கையிலிருந்த ஜேர்மானியர் சிறைவைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஞானபோனிக்க தேரர். 1901இல் ஹனாவ் நகரின் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, 1936இல் இலங்கை வந்து பௌத்த துறவியானவர். நாஸிகளின் கையிற் சிக்காதபடி தம் தாயாரையும் 1939இல் இங்கு வரவழைத்துக்கொண்டவர். ஜேர்மனிய அரசின் கண்ணில் அவர் யூதர். ஆகவே ஜேர்மானியர் அல்லர். பிரித்தானிய அரசின் கண்ணில் அவர் ஜேர்மானியர், ஆகவே பகைவர். ஒரே மனிதர் இரு நாடுகளின் பதிவேடுகளிலும் தவறான பக்கத்தில் எழுதப்பட்ட இக்கதை, பதிவேடுகளாலேயே வாழ்வு சிதைந்த பசறை மக்களுக்கு விளங்காத கதையன்று.

துறவி நாட்டையும் துறந்தவராகலாம். அவ்வாறு துறக்க இயலாதவர் கவிஞர். ஆன் ரணசிங்கவின் வாழ்க்கை வரலாற்றை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. கவிதைகளை விளங்கிக்கொள்ள வேண்டிய அளவே போதும். 1925இல் எஸ்ஸன் நகரில் அன்னலீஸ் காட்ஸ் என்ற பெயருடன் பிறந்தார். 1938 நவம்பரில் அந்நகரின் யூதத் தொழுகைக்கூடம் எரியூட்டப்பட்டபோது அவருக்கு வயது 13. 1939 சனவரியில் தனியே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். பெற்றோர் 1941இல் லோட்ஸ் கெற்றோவுக்கு நாடுகடத்தப்பட்டு, பின்னர் 1944இல் கெல்ம்னோவிற் கொல்லப்பட்டனர். தாதிப் பயிற்சி பெற்ற அன்னலீஸ், சிங்கள மருத்துவர் ஒருவரை 1949இல் மணந்து, ஐம்பதுகளின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்தார், இந்நாட்டின் பிரசையானார். 1971இல் முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. சர்வதேச மன்னிப்புச் சபையின் தென்னாசிய வெளியீட்டுப் பணியிற் பல்லாண்டு உழைத்தார். 2016 டிசம்பரில் கொழும்பிற் காலமானார்.

அவர் எழுதிய மொழியைப் பற்றி முதலிற் சிந்திக்க வேண்டும். யூத இன அழிப்பிலிருந்து தப்பிய கவிஞர்களுட் பலர் ஜேர்மன் மொழியைக் கைவிடவில்லை. சுவீடனில் அடைக்கலம் புகுந்த நெலி சாக்ஸும், பரிஸ் நகரில் வாழ்ந்து 1970இல் மறைந்த பவுல் செலானும் தம் பெற்றோரின் மொழியிலேயே, அதாவது கொலையாளிகளின் மொழியிலேயே, எழுதினர். ஆன் ரணசிங்கவோ பெரும்பாலும் ஆங்கிலத்தையே தேர்ந்தார். அது அவர் தாய்மொழியுமன்று. அவர் வந்து சேர்ந்த நாட்டு மக்களின் மொழியுமன்று. இரு தாயகங்களுக்கும் நடுவே அவர் தங்கிய மூன்றாம் வீடு அது. இதனாற் பயனும் உண்டு, இழப்பும் உண்டு. உணர்ச்சி மிகுந்து பொங்கும் இடங்களில் அவரது ஆங்கிலம் ஒருவிதக் கட்டுப்பாட்டைக் காக்கிறது; பதின்மூன்றாம் வயதுக்குப் பின் உழைத்துக் கைவரப்பெற்ற மொழியில் எவரும் எளிதில் ஓலமிடுவதில்லை. ஆனால் சிங்களத்திலும் தமிழிலும் எழுந்த இலக்கியப் போக்குகளின் காற்று அவரது பக்கங்களில் மிகக் குறைவாகவே வீசுகிறது. இக்குறையை அவர் மீது மட்டும் சுமத்துவதும் நியாயமன்று. ஈழத்துத் தமிழ் விமர்சகர்கள் இந்நாட்டின் ஆங்கில இலக்கியத்தை மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் கருதி ஒதுக்கிவிட்டனர். அவ்வொதுக்கலில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஓரளவு சோம்பலும் இருந்தது.

அவருடைய கவிதைகளுள் பெரிதும் அறியப்பட்டது, கொழும்பிலிருந்து அவுஷ்விற்சை நினைப்பதைத் தலைப்பாகவே கொண்ட கவிதை. அதன் அமைப்பு எளியது. பங்குனி மாதத்துக் கொழும்பு. வெயில் வெண்ணெருப்பாகப் பொழிகிறது. காற்று இலேசாக அசைந்து புழுதியைக் கிளப்புகிறது. அப்புழுதி வெறும் மண்ணன்று, இக்கரையில் ஒதுங்கிய பழைய அந்நியப் படையெடுப்பாளரின் எச்சம் என்கிறார் கவிஞர். பின் சட்டென்று வேறொரு நகரம்; அங்கே குளிரும் பனியும். அதன்பின் நேற்றுத்தான் தெரியவந்த ஒரு செய்தி: குழந்தைகளையும் விட்டுவைக்காத கொலைக்கூடமொன்றின் அளவும் அமைப்பும். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று தச்சன் கணக்குப்போல அது சொல்லப்படுகிறது. நிகழ்ச்சிக்கும் அதனை அறிவதற்கும் இடையே கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. கவிதையின் முடிவிலே கவிஞர் கொழும்பு வீதிக்கே திரும்புகிறார். அவ்வீதியில் எந்த ஓசையும் திரும்பி ஒலிக்கவில்லை என்பதில் அவருக்கு ஓர் ஆறுதல். வெயிலில் மழுங்கிய மனம் பொருள்களின் மேற்பரப்பைத் தடவிச் செல்கிறது, ஆழத்துக்குப் போவதில்லை.

இக்கவிதையை வாசிப்போர் பெரும்பாலும் நடுப்பகுதியின் கொடூரத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆனால் தாயகம் பற்றிய வினாவுக்கு விடை கடைசிப் பகுதியிலேயே இருக்கிறது. ஆன் ரணசிங்க இலங்கையை எதற்காக நேசிக்கிறார்? இயற்கை எழிலுக்காகவோ பண்பாட்டுத் தொன்மைக்காகவோ மட்டுமன்று. இந்த வீதி தனக்கு எதையும் நினைவூட்டவில்லை என்பதற்காக நேசிக்கிறார். முதல் தாயகம் அடங்காத ஓசை, இரண்டாவது அமைதி. வெளிநாட்டிலிருந்து வந்து இத்தீவைப் பாடியோர் பலர் இதனை ஒரு சொர்க்கமாகக் கண்டனர். ஆனுக்கு இது சொர்க்கமன்று. மறதிக்கு உதவும் மருந்து. அவரது முதற் தொகுதியின் தலைப்பே பூமியை உறிஞ்சி வற்றவைக்கும் சூரியனைக் குறிப்பது நோக்கத்தக்கது. சூரியன் அவரிடத்தில் உயிர் தரும் பொருளாக மட்டும் வருவதில்லை; நினைவின் ஈரத்தை உலர்த்துவதும் அதுவே. மருந்தாக ஏற்ற நாட்டை ஒருவர் நேசிக்கலாம். ஆனால் அந்நேசம் மருந்து வேலை செய்யும்வரைதான் நிலைக்கும் என்ற அச்சமும் அதனுள் ஒளிந்திருக்கும். தம் வீட்டு மரநிழலில் நாள்தோறும் அமர்ந்து கயிறு திரிக்கும் ஒரு மனிதரைக் கண்டு எழுதிய மற்றொரு கவிதை இவ்வச்சத்தை வெளிப்படையாகவே பேசுகிறது. கயிறு திரிப்பவர் யாருக்கும் தீங்கு செய்யவில்லை. ஆயினும் கண்டவரின் மனத்தில் கயிறு வேறொன்றாக முறுகுகிறது. வீடும் கோயிலும் கவிதையும் தத்துவமும் எவரையும் காக்கமாட்டா என்று அறிந்துவிட்டவரின் கண் அது.

தாயை நோக்கி எழுதிய கவிதையோ முற்றிலும் வேறு வகையானது. 1944ஐத் தலைப்பிற் கொண்ட அக்கவிதையில் கணக்கும் அளவும் இல்லை, வினாக்களே உண்டு. தாய் எந்த மண்ணிற் கிடக்கிறாள் என்பது மகளுக்குத் தெரியாது. இறுதி வேளையில் தன்னை நினைத்தாளா என்பதும் தெரியாது. தெரிந்ததெல்லாம், மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே கைகளை விரித்து வாழ்த்துரை ஓதிய தாயின் பழைய உருவம் ஒன்றே. புதைகுழி அறியாத மகளின் இவ்வேதனை மலையக வாசகருக்கு அந்நியமானதன்று. தேயிலைச் செடிகளின் அடியிலே அடையாளக் கல் எதுவுமின்றிக் கிடக்கும் தந்தையரைப் பற்றி சி. வி. வேலுப்பிள்ளை பாடியதும் ஆங்கிலத்தில்தான். மடக்கும்புர தோட்டத்திற் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்ற அவரும், பின் தம் மக்களோடு சேர்ந்து நாடற்றவராக்கப்பட்ட அவரும், தம் துயரைச் சொல்ல ஒரு மூன்றாம் மொழியை நாடினார் என்பது தற்செயலன்று. துயருக்குக் காரணமானவர்களும் அத்துயரைக் கேட்கவேண்டும் என்ற விருப்பம் அதில் உண்டு. இருப்பினும் இரு கவிஞர்க்கும் இடையில் ஒரு முக்கிய வேறுபாடு காணப்படுகிறது. ஆனுக்குத் தாயின் குழி இல்லாமை, தாயகம் தாயகமாக இல்லாது போனதற்குச் சான்று. சி. வி.க்குத் தந்தையரின் குழிகள், இம்மண் தமது என்பதற்குச் சான்று. முன்னவர் குழியின்மையால் நாட்டை இழக்கிறார். பின்னவர் குழிகளைக் காட்டி நாட்டைக் கேட்கிறார்.

இவ்வொப்பீட்டை ஓர் எல்லைக்கு மேல் இழுத்தல் தகாது. 1935இன் நூரம்பேர்க் சட்டங்கள் ஜேர்மனிய யூதரைப் பிரசைகள் என்ற நிலையிலிருந்து நீக்கின. 1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையோ அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவே இல்லாத லயங்களில் அச்சான்றுக்கு எங்கே போவது? பல லட்சம் பேர் நாடற்றவராயினர். இரண்டும் ஏட்டில் எழுதி மக்களை வெளியேற்றிய சட்டங்களே. ஆனால் ஒன்றின் முடிவில் நச்சுவாயுக் கூடம் இருந்தது. மற்றொன்றின் முடிவில் தலைமன்னார்த் துறையிலே காத்திருந்த கப்பல் இருந்தது. கொலையையும் நாடுகடத்தலையும் ஒன்றென்று எழுதுவோர் இரண்டையும் விளங்கிக்கொள்ளாதவர். ஆன் ரணசிங்கவும் தமது ஒப்பீடுகளில் இந்த நிதானத்தைக் காத்தவர் என்பது அவரது 1983 யூலை பற்றிய கவிதையால் நன்கு தெளிவாகும்.

அக்கவிதையின் தொடக்கத்தில் அவர் பேசுவது இலங்கையை அன்று. நாஸிக் கொலையாளரையும், கொலையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களையும்தான். அவர்களால் எப்படி உறங்க முடிகிறது என்ற பழைய வினா. பின்னர் மீண்டும் வானம் சிவக்கிறது, இம்முறை கொழும்பிலே. முன்னைய கவிதையில் எதையும் திருப்பி ஒலிக்காதிருந்த அதே வீதி இப்போது ஒலிக்கத் தொடங்குகிறது. மருந்து முறிந்தது எனலாம். வேறொரு கவிஞராயின், பழைய பலியாள் என்ற உரிமையில் நின்று, புதிய கொலையாளரைச் சுட்டிக் கண்டித்திருப்பார். அவ்வாறு கண்டிக்க ஆன் ரணசிங்கவுக்கு இந்நாட்டில் வேறெவர்க்கும் இல்லாத தகுதி இருந்தது. அவர் அதனைப் பயன்படுத்தவில்லை. திருமணத்தால் மட்டுமே இந்நாட்டோடு உறவுகொண்டவர் தாம் என்று சொல்லிக்கொண்டே, இடர்ப்பட்டோர் வரிசையிலும் குற்றஞ்சாட்டப்பட்டோர் வரிசையிலும் ஒருங்கே தம்மை நிறுத்திக்கொள்கிறார். எங்கோ எழும் மெல்லிய புகையும் அவரை நடுங்கவைக்கிறது. அதே நெருப்பிற் சிலர் குளிர்காய்கின்றனர்.

இந்த இடத்திலேதான் அவரது நாட்டுப்பற்று முழு வளர்ச்சி பெறுகிறது. நாட்டின் பெருமையிற் பங்கு கேட்பது எளிது. வந்தேறியரும் கேட்பர், அரசியலாளரும் கேட்பர். நாட்டின் குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்று ஒருவர் ஏற்கும்போது அந்நாடு அவருடையதாகிவிடுகிறது. ஜேர்மனியின் குற்றத்தில் அவருக்குப் பங்கில்லை. அங்கே அவர் வேட்டையாடப்பட்டவர். ஆதலால் எஸ்ஸன் நகரைப் பற்றி அவர் எழுதும்போது ஏக்கமும் சினமும் உண்டு, குற்ற உணர்வு இல்லை. இலங்கையைப் பற்றி எழுதும்போது மூன்றும் உண்டு. பிறந்த நாட்டிலே பெறாத ஒன்றை, அதாவது குற்றவாளியாக நிற்கும் உரிமையை, புகுந்த நாடு அவருக்குத் தந்தது. கொடிய உரிமைதான், ஆயினும் பிரசாவுரிமைப் பத்திரத்தைவிட உறுதியானது.

இக்கவிதையிற் குறை கூற இடமில்லையா என்றால், உண்டு. கருகிய மரமும் சிதறிய சாம்பலும் கண்முன் நிற்கும் அளவுக்கு, அங்கு வாழ்ந்திருந்த மனிதர் நிற்கவில்லை. எரிந்த வீட்டில் யார் சமைத்தார், யார் பள்ளிக்கூடம் போனார், எந்த மொழியில் ஒருவரையொருவர் அழைத்தனர் என்பன இல்லை. எஸ்ஸன் நகரத்துத் தாய்க்குக் கைகளும் கண்களும் மெழுகுவர்த்தியும் உண்டு. கொழும்பிலே இடர்ப்பட்டோருக்கு முகமில்லை. கவிஞர் அவர்களை அறியார் என்பதே காரணமாகலாம்; அறியாதவரைப் பற்றிக் கற்பனையாகப் பேசாமை நேர்மையின் ஒரு வகை என்றும் வாதிக்கலாம். எனினும் பசறையிலிருந்து அக்கவிதையை வாசிப்பவருக்கு அவ்வெறுமை உறுத்தவே செய்யும். 1983 யூலை 27 அன்று முற்பகலிலே பதுளை நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தருகே தமிழர் ஒருவரின் மோட்டார் சைக்கிள் எரியூட்டப்பட்டது. நண்பகலில் கடைவீதி எரிந்தது. பின்னர் வன்முறை குடியிருப்புகளுக்கும், அதன்பின் ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடைப் பக்கங்களுக்கும் பரவியது. கொழும்பின் வானத்தைச் சிவக்க வைத்த நெருப்பு மூன்றாம் நாளில் ஊவாவின் வானத்தையும் எட்டியது. ஆன் ரணசிங்கவின் அறியப்பட்ட கவிதைகளின் நிலக்காட்சி கொழும்பைச் சார்ந்தது. அவரது தோட்டம், அவரது ஒழுங்கை, அவரது மரம். தேயிலைத் தோட்டம் அந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறது.

ஆனால் இரு தாயகம் என்ற தொடர் மெய்யாகவே பொருந்துவது அந்த வட்டத்துக்கு வெளியே நின்றவர்களுக்குத்தான். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிக்கையாகக் கொண்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இந்தியப் பிரசையாகவும் தம்பி இலங்கைப் பிரசையாகவும் ஆன குடும்பங்கள் உண்டு. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் இட்ட பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. எந்தக் கவிஞனும் இதைவிடச் செறிவான படிமத்தை ஆக்கிவிட முடியாது. கடல் கடந்து சென்றோருக்குத் தமிழ்நாட்டரசின் ஏடுகளில் ‘தாயகம் திரும்பியோர்’ என்று பெயர். அதுவரை அவர்களுட் பலர் அத்தாயகத்தைக் கண்ணாற் கண்டதுமில்லை. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அயலவர்க்கு அவர்கள் ‘சிலோன்காரர்’. இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர். ஆன் ரணசிங்க இரு நாடுகளை நேசித்தார் என்றால், அவற்றுள் ஒன்றாவது அவரை ஏற்றுக்கொண்டது.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் 1934இல் பிறந்து, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப், தாம் வாழ்ந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயருக்கு முன் நிறுத்திக்கொண்டார். அன்னலீஸ் காட்ஸ் என்ற பெயர் ஆன் ரணசிங்க என்று மாறியதையும் இதனையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் சுவையானது. ஒருவர் புகுந்த நாட்டின் பெயரைப் பூண்டார். மற்றவர் தம்மை ஏற்க மறுத்த நாட்டின் ஒரு துண்டு நிலத்தைப் பெயராக்கித் தம்மோடு கட்டிக்கொண்டார். ஜோசப்பின் சிறுகதைத் தொகுதி 1979இல் ‘நாமிருக்கும் நாடே’ என்ற தலைப்பில் வெளிவந்தது. பாரதியை நினைவூட்டும் அத்தொடரில், மலையகச் சூழலில் வைத்து வாசிக்கும்போது, ஓர் உரிமைக் குரலும் ஒரு கசப்பும் சேர்ந்தே ஒலிக்கின்றன. நாம் இருக்கும் நாடு நம்மை இருக்கவிடுகிறதா என்பதே அக்காலத்து மலையகச் சிறுகதைகளின் அடிநாதம். சி. வி.யின் ‘வீடற்றவன்’ நாவலின் தலைப்பும் அதையே கேட்கிறது.

ஆயினும் மலையக எழுத்து பெரும்பாலும் நாட்டைக் கேட்டு நிற்கும் எழுத்தாகவே வளர்ந்தது. வாக்குரிமை பறிக்கப்பட்டவரிடம் நாட்டின் குற்றத்தில் உன் பங்கு யாது என்று வினவுவது நியாயமாகாது. பங்கு கொள்ள முதலில் உரிமை வேண்டும். அவ்வுரிமை சட்டப்படி முழுமையாகக் கிட்டியது 2003ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின்னரே. ஆகவே ஆன் ரணசிங்க 1983இல் நின்ற இடத்தில் மலையகக் கவிஞன் நிற்கத் தொடங்கும் காலம் இப்போதுதான் வந்திருக்கிறது. அவனும் இனி இந்நாட்டின் வாக்காளன். இந்நாட்டில் எரியும் எந்த வீட்டுக்கும் அவனும் ஒரு சாட்சி, ஒருவேளை சாட்சிக்கும் மேற்பட்டவன். அப்போது அவன் எவ்வகைக் கவிதை எழுதுவான் என்பதற்குத் தெளிவத்தையிடமும் சி. வி.யிடமும் ஓரளவே வழிகாட்டல் உண்டு. எஞ்சியதைக் கொழும்புத் தோட்டமொன்றில் மர நிழலைப் பார்த்தபடி எழுதிய அந்த யூதப் பெண்மணியிடமும் அவன் கற்கலாம். அவரது வட்டத்துக்கு வெளியே தன் பாட்டன் கிடக்கும் தேயிலை மேடு இருப்பதை மறவாதபடி கற்கலாம்.

எஸ்ஸன் நகரத்துத் தொழுகைக்கூடம் 1938இல் உட்புறம் எரிந்தும் அதன் கற்சுவர் வீழவில்லை. இன்று அது யூதப் பண்பாட்டின் இல்லமாக மக்கள் வந்து பார்க்கத் திறந்திருக்கிறது. பதுளைக் கடைவீதியும் மீளக் கட்டப்பட்டுவிட்டது. மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி பசறைக்கும் லுணுகலைக்கும் போகும் பஸ்கள் வழமைபோற் சென்றுகொண்டிருக்கின்றன.